டாஃபினாவும் பறக்க மறுத்த நாரையும்

பெர்னிக் நகரத்து இரும்பு வார்ப்பாலையில் முப்பத்திரண்டு வருடம் குப்பை கொட்டியவன் நான். மணல் அச்சு போடுவது என் வேலை. இத்தனை வருடத்தில் என் பெண்டாட்டி என் உள்பனியனைத் தொட்டுப் பார்த்ததைவிட டாஃபினா வுடோவா தொட்டுப் பார்த்ததுதான் அதிகம். தப்பாக நினைக்காதீர்கள். அவள் எங்கள் ஆலையின் பாதுகாப்பு அலுவலர். காலை ஆறரை மணிக்கு உடை மாற்றும் அறையின் வாசலில் வந்து நிற்பாள். வருகிறவன் ஒவ்வொருவனின் கழுத்துப்பட்டியையும் பின்னால் புரட்டி, உள்ளே தைத்திருக்கும் துணிச்சீட்டைக் கண்ணாடி போட்டுப் படிப்பாள். பருத்தி என்றால் முதுகில் ஒரு தட்டு. பாலியஸ்டர் என்றால் அன்றைக்கு அவன் தொலைந்தான்.

"என்னடா இது?"

"கால்பந்து பனியன், அக்கா. நேத்து மேட்ச் பாத்துட்டு அப்படியே தூங்கிட்டேன்."

"ஒரு பொறி உள்ள விழுந்தா இது உருகி உன் முதுகுல ஒட்டிக்கும். டாக்டர் தோலோட சேத்துத்தான் உரிப்பான். அப்போ உன் டீம் வந்து மருந்து போடுமா? கழட்டு!"

நாங்கள் போட்டிருந்தது நீல நிறத்தில் கனமான சட்டையும் கால்சட்டையும். நெருப்புப் பட்டால் அந்தத் துணி உருகாது, மேலே மேலே எரிந்துகொண்டும் போகாது, கரிந்து அப்படியே நின்றுவிடும். அதை "தீப்பிடிக்காத சட்டை" என்று யாராவது சொல்லிவிட்டால் டாஃபினாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். "பிடிக்காதுன்னு எவன் சொன்னான்? ரெண்டு நொடி கூடக் குடுக்கும். அந்த ரெண்டு நொடியில நீ ஓடணும். அவ்வளவுதான் அதோட வேலை" என்பாள். கழுத்துப் பொத்தான் போட்டிருக்க வேண்டும். ஜூலை மாதம் மூளையே வெந்தாலும் கையை மடித்துவிடக் கூடாது. கிழிந்தால் வீட்டு நூலால் தைக்கக் கூடாது. சட்டையின் மேல் எதையும் குத்தவோ ஒட்டவோ கூடாது. அவள் மட்டும் என்ன, உணவகத்தில் உட்கார்ந்து அவரைவிதைச் சூப் குடிக்கும்போதுகூடக் கழுத்துவரை பொத்தான் போட்டுத்தான் இருப்பாள். பிறக்கும்போதே நீலச் சட்டையோடுதான் பிறந்திருப்பாள் என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

ஒரு தடவை என் சட்டையிலிருந்து மல்லிகையும் ரோஜாவும் கலந்தடித்தது போல ஒரு வாசனை வந்தது. என் வீட்டுக்காரி ஆசையாக, துணியை மெத்தென்று ஆக்கும் வாசனைத் திரவம் ஒன்றை ஊற்றி அலசியிருந்தாள். டாஃபினா மோப்பம் பிடித்துவிட்டாள். எல்லோரையும் கூட்டி வைத்து, என் சட்டையின் அடி ஓரத்தில் விரல் நீளம் கத்தரித்து, லைட்டரைக் காட்டினாள். தீ அந்தத் துண்டின் மேல் குடுகுடுவென்று ஓடியது. அதே போல ஒரு துண்டைத் தன் சட்டையிலிருந்தும் வெட்டி எரித்தாள். அது கரிந்து, கொஞ்சம் புகைந்து, நின்றுவிட்டது. உடனே என் வீட்டுக்காரிக்குப் போன் போட்டாள்.

"தங்கச்சி, உன் புருஷன் மேல உனக்கு ஆசை இருக்கா?"

"இருக்கு அக்கா, எதுக்குக் கேக்குறீங்க?"

"அப்போ அவன் நாறட்டும். விடு."

அன்றிலிருந்து நான் நாறிக்கொண்டுதான் இருக்கிறேன். உயிரோடும் இருக்கிறேன், அதைச் சொல்லாமல் விடக் கூடாது.

இப்படிப்பட்டவளுக்கு மார்ச் முதல் தேதிதான் வினையாக வந்து சேர்ந்தது. அன்றைக்குச் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூலை, எங்கள் மார்த்தெனிட்சாவை, நெஞ்சில் குத்திக்கொள்ளாமலோ மணிக்கட்டில் கட்டிக்கொள்ளாமலோ எங்கள் ஊரில் ஒருவனும் வாசல் தாண்ட மாட்டான். கட்டியாகிவிட்டால் ஒரு நாரையைப் பார்க்க வேண்டும், அல்லது பூத்த மரத்தைப் பார்க்க வேண்டும். அதுவரை கழற்றக் கூடாது. முந்திக் கழற்றினால் வருடம் உருப்படாது. முன்பெல்லாம் அது ஆட்டுக் கம்பளி நூலாக இருந்தது. டாஃபினாவும் கண்டும் காணாமல் இருந்தாள். இப்போது கடைத்தெருவில் விற்பதெல்லாம் பளபளவென்ற செயற்கை நூல்.

அந்த வருடம் மார்ச் ஒன்று அன்று அவள் வாசலில் கையில் லைட்டரோடு நின்றாள். முன்னால் வந்தவனின் நெஞ்சிலிருந்து ஒரு நூல் இழையை மட்டும் உருவி, பற்றவைத்தாள். அது சுருண்டு, உருகி, எரிந்துகொண்டே கறுப்புச் சொட்டாகத் தரையில் விழுந்தது.

"இதைக் குத்திக்கிட்டுத்தான் உலைக்கு முன்னால நிக்கப்போறீங்களா?"

எண்பது பேர் ஒரே நேரத்தில் கத்தினோம். பெர்னிக்காரன் வாயைத் திறப்பதற்கு முன்னால் அடிக்க இரும்புக் கோணச் சட்டத்தைக் கையில் எடுப்பான் என்று தலைநகரத்துச் சோஃபியாக்காரர்கள் எங்களைக் கேலி பேசுவார்கள். அன்றைக்கு ஆலையில் இரும்புக்கும் பஞ்சமில்லை. ஆனால் டாஃபினா அசையவில்லை. கடைசியில் நான்தான் ஒரு வழி சொன்னேன். நூலை அவரவர் உடைப்பெட்டிக் கதவில் மாட்டுவோம், இதற்குப் பெயர் கழற்றுவது இல்லை, இடம் மாற்றுவது. இந்த நியாயம் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. பத்து நிமிடத்தில் உடை மாற்றும் அறை கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது.

ராங்கெல் ஒருவன்தான் மாட்டவில்லை.

ராங்கெல் எங்கள் உலைக்காரன். உருகிய இரும்பின் நிறத்தைப் பார்த்தே சூடு இத்தனை என்று சொல்லிவிடுவான், கருவி வந்து பிறகு அதை ஆமோதிக்கும். ஆள் கதவை அடைத்துக்கொண்டு நிற்பான், குரலோ பூனைக்குட்டி. அவனுக்கும் வெசெலாவுக்கும் கல்யாணமாகிப் பதினொரு வருடம். மூன்று தடவை வயிற்றில் குழந்தை தங்காமல் போயிற்று. இப்போது நாலாவது, எட்டு மாதம் முடிந்திருந்தது. பயத்தில் அவர்கள் ஒரு தொட்டில்கூட வாங்கவில்லை.

"கையைக் காட்டு, ராங்கெல்" என்றாள் டாஃபினா.

"அக்கா, இதை மட்டும் கேக்காதீங்க."

"யார் கட்டினது?"

"வெசெலா. நாரையைப் பாக்காம அவுத்தா என் மூஞ்சியில முழிக்காதேன்னு சொல்லிக் கட்டியிருக்கா. மூணு தடவை என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியும். நாலாவது தடவை ஏதாவது ஆச்சுன்னா, அது என் கையால ஆனதா இருக்கக் கூடாது."

டாஃபினா அவன் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். அவனுடைய கையுறைக்கும் சட்டைக் கைக்கும் நடுவே அந்த நூல் மினுமினுத்தது. உலைக்காரனின் மேல் பொறி தெறிக்கும் இடமும் சரியாக அதுதான்.

"சரி, அவுக்காதே" என்றாள். "உலைகிட்டயும் போகாதே. முற்றத்துல பழைய இரும்பு பிரிச்சுப் போடு."

ராங்கெல் பனிமழையில் நின்று பழைய ரேடியேட்டர்களைப் பிரித்துப் போட்டான். உலையை அவனுடைய உதவியாள் பார்த்துக்கொண்டான். மூன்றே நாளில் வந்த வார்ப்புகளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால் சல்லடை தோற்றுவிடும். ஷிப்டு எஞ்சினியர் டாஃபினாவின் மேசையில் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்.

"ஒரு நூலுக்காகவா இத்தனையும்?"

"நூலுக்காக இல்ல சார், கைக்காக."

"இந்த மூடநம்பிக்கையை எல்லாம் நீங்க மதிக்கிறீங்களா?"

"எனக்கு நம்பிக்கை இல்லைன்னு உங்ககிட்ட எவன் சொன்னான்?" என்று அவரிடமும் எகிறினாள்.

நாலாம் நாள் அவள் ஒரு ரக்கியாச் சாராயப் புட்டியில் செருகிய மஞ்சள் பூக்கிளையோடு வந்தாள். வெளியே முழங்கால் அளவு பனி. வீட்டு அடுப்போரம் வெந்நீரில் வைத்து, வசந்தத்தில் முதலில் பூக்கும் கொர்னேல் மரத்தின் கிளையை ஏமாற்றிப் பூக்க வைத்திருந்தாள். ராங்கெலைக் கூப்பிட்டு முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பூத்த மரம். பாத்துக்கோ. அவு."

ராங்கெலுக்கு ஆசைதான். ஆனாலும் வெசெலாவுக்குப் போன் போட்டான். அவள் குரல் போனுக்கு வெளியேயும் எட்டு பேருக்குக் கேட்கும்.

"வெட்டின கிளை மரமா? வெட்டின கோழி கூவுமா? அந்த அக்காகிட்டக் குடுங்க போனை!"

டாஃபினா வாங்கிக் காதில் வைத்து, முழுசாக ஒரு நிமிடம் வாயைத் திறக்காமல் கேட்டாள். பிறகு "நீ சொல்றது சரிதான் தங்கச்சி" என்று திருப்பிக் கொடுத்தாள். டாஃபினாவையே வாயடைக்கும் ஒருத்தி இந்த ஊரில் இருக்கிறாள் என்று எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

நாரை மார்ச் கடைசிக்கு முன்னால் வராது. அதற்குள் குழந்தையே வந்துவிடும். அப்போதுதான் எனக்கு என் மச்சான் ஞாபகம் வந்தான். குப்பை லாரி ஓட்டுகிறவன். ராடோமிர் ஊருக்கு அப்பால் குப்பை மேட்டில் ஒரு நாரை நாலு வருடமாகக் குடியிருக்கிறது, ஆப்பிரிக்காவுக்குப் போக அதற்குச் சோம்பல், குளிர்காலம் முழுக்க அங்கேயே தின்றுகொண்டு கிடக்கிறது என்று எப்போதோ சொல்லியிருந்தான். லாரிக்காரர்கள் அதற்கு வைத்திருந்த பெயர் "பென்ஷன்காரர்".

இது செல்லுமா என்று ஆலையே இரண்டு கட்சியானது. போகாத நாரை எப்படி வசந்தத்தைக் கொண்டுவரும் என்று ஒரு கட்சி. நாரை நாரைதான் என்று என் கட்சி. தீர்ப்புக்கு மறுபடியும் வெசெலாவிடம்தான் போக வேண்டியிருந்தது.

"நாரைதானே? பாஸ்போர்ட்டையா வாங்கிப் பாக்க முடியும்?" என்றாள் அவள். "செல்லும். ஆனா பறக்கிறப்போதான் மொதல்ல பாக்கணும். நின்னுக்கிட்டு இருக்கிறதைப் பாத்தா வருஷம் பூரா எல்லாம் நின்னு போயிரும். அதுக்கு இவரு பாக்காமலே இருக்கலாம்."

மார்ச் எட்டாம் தேதி பெண்கள் தினம். ஆலையின் பெண்களுக்கெல்லாம் கார்னேஷன் பூவும் உணவகத்தில் விருந்தும் காத்திருந்தன. டாஃபினா அந்த விருந்தை விட்டுவிட்டு, காலை ஷிப்டு முடிந்ததும் ராங்கெலையும் என்னையும் தன் பழைய ஓப்பெல் காரில் ஏற்றிக்கொண்டாள். குப்பை மேட்டுக்கு அரைக் கிலோமீட்டர் இருக்கும்போதே வண்டியை நிறுத்தி, உலைக்காரர்கள் தலையில் போடும் தீத்தாங்கி முகமூடி ஒன்றை எடுத்து, ராங்கெலின் தலையில் முன்பக்கம் பின்பக்கமாக மாட்டிவிட்டாள். இனி அவன் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

"நான் சொல்ற வரைக்கும் எடுக்கக் கூடாது."

"மூச்சு முட்டுது அக்கா."

"முட்டட்டும். இது பருத்திதான்."

குப்பை மேட்டில் அவனைக் காரிலேயே விட்டுவிட்டு நாங்கள் இறங்கினோம். பென்ஷன்காரர் ஒரு பழைய குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒற்றைக் காலில் நின்றிருந்தார். நாங்கள் கிட்டே போனதும், மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்துவிட்ட ஆட்களை வரி அலுவலகத்துக் குமாஸ்தா பார்ப்பது போல ஒரு பார்வை பார்த்தார். நான் கை தட்டினேன். இன்னொரு காலைக் கீழே வைத்தார். மண்ணாங்கட்டி ஒன்றை எறிந்தேன். பெட்டியிலிருந்து இறங்கி நாலு அடி நடந்து, முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார். என் பையில் மிச்சமிருந்த, பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனீட்சாத் துண்டை, அவரைப் பயமுறுத்தத்தான், வீசினேன். அது என் புத்தி. அதைக் கொத்தித் தின்றுவிட்டு இன்னும் கிடைக்குமா என்று என் பக்கமே நடந்து வந்தார்.

"நீ நாரைக்கு விருந்து வைக்கவா வந்தே?" என்று டாஃபினா கத்தினாள்.

"நீங்களே ஓட்டுங்க, நான் வேடிக்கை பாக்குறேன்."

அவள் அதட்டினாள். எண்பது ஆண்களை நடுங்க வைக்கும் அதட்டல்தான், ஆனால் நாரை அலகைப் பின்னால் சாய்த்துக் கடகடவென்று தட்டி அவளுக்கே பதில் சொன்னது. காரிலிருந்து ராங்கெல், "பறந்துருச்சா? பறந்துருச்சா?" என்று ஈனக்குரலில் கேட்டுக்கொண்டே இருந்தான். டாஃபினா ஒரு அடி முன்னால் வைத்தாள், கால் சேற்றில் முழங்கால்வரை போயிற்று. காலை உருவினாள், ஜோடு உள்ளேயே தங்கிவிட்டது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பாவி, நன்றாகவே சிரித்தேன்.

அப்போது அவள் ஒன்று செய்தாள். கழுத்துப் பொத்தானை அவிழ்த்தாள். அடுத்தது, அதற்கடுத்தது. அந்த நீலச் சட்டையைக் கழற்றித் தலைக்கு மேலே சுழற்றிக்கொண்டு, ஒற்றைக் கால் ஜோட்டோடு, "போ! போ! புள்ளத்தாச்சி ஒருத்தி காத்துக்கிட்டு இருக்காடா, போ!" என்று அலறியபடி நாரையை நோக்கி ஓடினாள். உள்ளே கையில்லாத பருத்தி உள்சட்டைதான் போட்டிருந்தாள்.

என் சிரிப்பு நின்றுவிட்டது. இடது காதுக்குக் கீழே தொடங்கி, தோள் முழுக்க, முழங்கைவரை, அவள் தோல் உருகி இறுகிய மெழுகாக இருந்தது. முப்பத்திரண்டு வருடம் கூட வேலை செய்தவன் நான். அவளுடைய கழுத்துப் பொத்தானை எத்தனை தடவை கிண்டல் செய்திருப்பேன்! வெட்கமாக இருந்தது.

பென்ஷன்காரருக்கும் அது பொறுக்கவில்லை போலிருக்கிறது. நாலு அடி ஓடி, பெரிய இறக்கைகளை விரித்து, எழும்பினார். எங்கள் தலைக்கு மேலே போய், காருக்கு மேலே போய், பாப்ளார் மர வரிசைப் பக்கம் திரும்பினார்.

"ராங்கெல்! எடுடா!" என்று நான் கத்தினேன்.

முகமூடி அவன் காதில் சிக்கிக்கொண்டது. இழுத்தான், திட்டினான், கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து மறுபடி இழுத்தான். அது கையோடு வந்தபோது நாரை மரங்களுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அவன் கண்ணெதிரே நின்றது டாஃபினா மட்டும்தான், தலை முதல் கால்வரை சேறு, கைகள் இரண்டும் இன்னும் மேலேயே இருந்தன.

அவன் அவளுடைய தோளைப் பார்த்தான். அவன் பார்ப்பதை அவளும் பார்த்தாள். அவசரப்படாமல் சட்டையை உதறிப் போட்டுக்கொண்டாள்.

"நைலான் ரவிக்கை" என்றாள். "இருபத்தி மூணு வயசு எனக்கு. நீலத்துல சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளி. ஊர்லயே என்கிட்ட மட்டும்தான் இருந்துச்சு. மேல வேலைச் சட்டை போட்டிருக்கேன், உள்ள என்ன இருந்தா எவனுக்கென்னன்னு நெனச்சேன். ஒரே ஒரு சொட்டு இரும்புதான், கழுத்து வழியா எறங்கிடுச்சு. சட்டைக்கு ஒண்ணும் ஆகல."

அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு கேட்டாள்.

"பாத்தியா?"

"பாத்தேன், அக்கா."

"நான் நாரையைக் கேட்டேன்."

"அதைத்தான் சொல்றேன். பாத்தேன்."

காரில் ஏறியதும் அவன் வெசெலாவைக் கூப்பிட்டான். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். சொல்லத் தேவையில்லை, அவள் பேசியது எனக்கும் கேட்டது.

"பாத்தீங்களா? பறந்துச்சா?"

"பறந்துச்சு வெசெலா."

"எப்படி இருந்துச்சு? சொல்லுங்க!"

ராங்கெலுக்குப் பொய் சொல்ல வராது. டாஃபினாவின் பக்கம் திரும்பினான். அவள் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெரிசா இருந்துச்சு" என்றான். "மேலெல்லாம் சேறு. ரொம்ப தூரம் சேத்துக்குள்ளயே ஓடுச்சு, கத்திக்கிட்டே. அப்புறம் ரெண்டையும் விரிச்சு... மேல தூக்குச்சு."

"கத்துச்சா? நாரை எங்கயாவது கத்துமா?"

"இது கத்துச்சு."

பதினொரு வருடமும் மூன்று குழந்தைகளும் எங்களோடு காரில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. பிறகு வெசெலாவின் குரல், முதல் தடவையாக மெதுவாக வந்தது.

"அந்த நாரைதான் இப்போ காரை ஓட்டுதா?"

"ஆமா."

"ஈரத்தோடவா? ஹீட்டரைப் போடச் சொல்லுங்க, சளி பிடிச்சுக்கும்." கடைசியில், "சரி. அவுத்துருங்க" என்றாள்.

முடிச்சு இறுகியிருந்தது. டாஃபினா வண்டியை ஓரமாக நிறுத்தி, அவன் கையைத் தன் மடிமேல் வைத்துக்கொண்டு, நகத்தால் கெஞ்சிக் கெஞ்சி அவிழ்த்தாள். அறுக்கவில்லை. வழக்கப்படி, சாலையோர முள்மரம் ஒன்றில் அவனே போய் அதைக் கட்டிவிட்டு வந்தான். மறுநாள் காலை உலைக்கு முன்னால் நின்றான், அன்றைக்கு வந்த வார்ப்புகளில் ஓட்டை இல்லை.

மார்ச் இருபத்தொன்றாம் தேதி பகல் பதினோரு மணிக்கு, இரும்பு ஊற்றிக்கொண்டிருக்கும்போது, கிரேன்காரன் ஒலிபெருக்கியில் சொன்னான்: "ராங்கெலுக்குப் பொண்ணு! மூணரைக் கிலோ! தாயும் புள்ளையும் சௌக்கியம்! அழுகை ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கேக்குதாம்!" ராங்கெல் கொப்பரையைத் துளி சிந்தாமல் அச்சில் ஊற்றி முடித்தான். பிறகுதான் அப்படியே மணல் குவியலில் உட்கார்ந்தான். நாங்கள் எண்பது பேரும் சந்தோஷத்தில் தலைக்கவசங்களைக் கழற்றி மேலே வீசினோம், முகமூடிகளை உருவினோம், சட்டையைத் திறந்துவிட்டு ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டோம். டாஃபினா எங்கிருந்தோ ஓடிவந்தாள்.

"தலையில போடுங்கடா! பொத்தானைப் போடுங்கடா, பாவிகளா! உலை எரிஞ்சுக்கிட்டு இருக்கு!" என்று ஒவ்வொருவனாகப் பிடித்துப் பொத்தான் போட்டுவிட்டாள். என் முறை வந்தபோது பார்த்தேன், கண்ணீர் வழிந்து பொத்தான் துளையே அவளுக்குத் தெரியவில்லை. நானே போட்டுக்கொண்டேன்.